தான்சானியாவுல ஏழு நாள் சஃபாரி: கைடுக்கு பத்துக்கு பத்து, ஆபீசுக்கு பத்துக்கு அஞ்சு

பிப்ரவரி கடைசில தான்சானியா போய்ட்டு வந்தோம், நான், வீட்டுக்காரர், எங்க அம்மா, தம்பின்னு நாலு பேரு. ஏழு பகல் ஆறு ராத்திரி. அருஷா டவுன்ல கிளம்பி தாரங்கிரே பார்க், அப்புறம் என்டூட்டு புல்வெளி, அங்கேருந்து செரெங்கெட்டி பார்க் நடுவுல இருக்கற செரோனெரா, கடைசியா இங்கோரோங்கோரோ எரிமலை பள்ளம், திரும்ப அருஷா. தனி வண்டி, நடுத்தர டென்ட் கேம்ப், மூணு வேளை சாப்பாடு, பார்க் ஃபீஸ் எல்லாம் சேத்து தலைக்கு 2,350 டாலர், விமான டிக்கெட் தனி. அருஷாவுல ஆபீஸ் வச்சிருக்கற லோக்கல் கம்பெனி மூலமாதான் புக் பண்ணோம். பேரு போடல, ஏன்னா நான் சொல்ல வர்றது எந்த கம்பெனில புக் பண்ணாலும் நீங்க பாத்துக்க வேண்டிய விஷயம்.

ஒண்ண மொதல்லயே சொல்லிடறேன். சஃபாரில நாம காசு குடுத்து வாங்கறது ரூம் இல்ல, சாப்பாடு இல்ல. அந்த வண்டிக்குள்ள உக்காந்திருக்கற மணிக்கணக்கும், அந்த வண்டிய ஓட்டற கைடும்தான். நான் ரெண்டு மாசமா பிளான் பண்ணேன், அதுல முக்கால்வாசி நேரம் கேம்ப் போட்டோவும் பாத்ரூம் போட்டோவும்தான் பாத்தேன், கைடு யாரு எத்தன வருஷ அனுபவம்னு ஒரு வரி கூட கேக்கல. நல்ல கைடு அமைஞ்சது எங்க அதிர்ஷ்டம், எங்க திறமை இல்ல.

மாசத்த பத்தி பேசணும், ஏன்னா எல்லாமே அதுலதான் ஆரம்பிக்குது. டிவில பாக்கறமே, முதலை இருக்கற ஆத்த வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கற ஒரு வகை மான்) கூட்டம் கூட்டமா குதிச்சு தாண்டுமே, நான் அது எப்ப போனாலும் நடக்கும்னு நினைச்சேன். இல்லவே இல்ல. அது மாரா ஆறு, ஜூலைல இருந்து செப்டம்பர் அக்டோபர் வரைக்கும், செரெங்கெட்டியோட வடக்கு முனைல கோகடெண்டே பக்கமும் கென்யா மசாய் மாராவுலயும் நடக்கறது. பத்து லட்சத்துக்கு மேல வில்டபீஸ்ட், அதோட லட்சக்கணக்குல வரிக்குதிரை, கசெல் மான், எல்லாம் மழைய தேடி வருஷம் பூரா ஒரு பெரிய வட்டம் அடிச்சிட்டே இருக்கு. ஜனவரி கடைசில இருந்து மார்ச் வரைக்கும் அந்த கூட்டம் தெற்கு பக்கம் என்டூட்டு புல்வெளில இருக்கும், குட்டி போடறதுக்கு. ஏன் அங்கன்னா பக்கத்துல ஓல் டொய்ன்யோ லெங்காய்னு ஒரு எரிமலை, இன்னைக்கும் உயிரோட இருக்கற எரிமலை, அந்த வட்டாரத்து எரிமலை சாம்பல் படிஞ்சு படிஞ்சு உண்டான மண்ணு அது. கால்சியம் பாஸ்பரஸ் எல்லாம் நிறைய, புல்லு குட்டையா சத்தா இருக்கும், பால் குடுக்கற தாய்க்கு அதுதான் வேணும். புல்லு குட்டையா இருக்கறதால சிங்கம் ஒளிஞ்சு வர்றதும் கஷ்டம். மே ஜூன்ல கூட்டம் மேற்கால க்ருமெட்டி பக்கம் போயிரும், அப்ப வந்து என்டூட்டுல நின்னா வெறும் புல்லுதான் கண்ணுக்கு தெரியும். அதனால தேதிய முடிவு பண்ணிட்டு பார்க்க தேடாதீங்க, எத பாக்கணும்னு முடிவு பண்ணிட்டு அதுக்கு தேதி போடுங்க. எங்க அம்மாக்கு குட்டிங்கள பாக்கணும்னு ஆசை, எனக்கு சிவிங்கி, ரெண்டுக்கும் பிப்ரவரிதான் சரியா வந்துச்சு. (சிவிங்கின்னா சீட்டா. சிறுத்தைன்னு பலபேர் சொல்றாங்க, சிறுத்தை வேற, மரத்துல ஏறி படுத்திருக்குமே அது.)

கென்யாவும் பாத்தோம். மசாய் மாரா அருமையான இடம், ஆனா 2024ல இருந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு நாள் ஃபீஸ் ஜனவரி டு ஜூன் 100 டாலர், ஜூலை டு டிசம்பர் 200 டாலர்னு ஏத்திட்டாங்க, நாங்க போற மாசத்துல பெரிய கூட்டம் அங்க இருக்காது. தென்னாப்பிரிக்காவுல க்ரூகர் பார்க், அங்க தார் ரோடு, நாமளே கார் வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கலாம், காசு கம்மின்னா உண்மையிலேயே அதுதான் நல்ல வழி, தம்பி அதுக்குத்தான் ஓட்டு போட்டான். ஆனா இவ்ளோ பெரிய மந்தைய அங்க பாக்க முடியாது.

சரி, விலை. அஞ்சு கம்பெனில கொட்டேஷன் வாங்கினோம், ஒருத்தர் 1,600, ஒருத்தர் 3,400. ஏன் இவ்ளோ வித்தியாசம்னு புரியலன்னா நீங்க மொதல்ல பார்க் ஃபீஸ எடுத்து கணக்கு போடுங்க, ஏன்னா அது அரசாங்கம் வாங்கற காசு, எந்த கம்பெனியும் அதுல தள்ளுபடி தர முடியாது. நாங்க போனப்போ பெரியவங்க ஒருத்தருக்கு 24 மணி நேரத்துக்கு தாரங்கிரே 50 டாலர், இங்கோரோங்கோரோ 60, செரெங்கெட்டி 70, இது எல்லாத்துக்கும் மேல 18 சதவீதம் வரி. என்டூட்டும் இங்கோரோங்கோரோ எல்லைக்குள்ளதான் வருது, அங்கயும் அந்த 60 தான். பள்ளத்துக்குள்ள இறங்க வண்டிக்கு வரியோட 295 டாலர். எங்க ரூட்டுக்கு நுழைவு கட்டணம் மட்டுமே தலைக்கு 430 டாலர தாண்டுது, பார்க்குக்குள்ள தங்கறதுக்கு வாங்கற கன்செஷன் ஃபீஸ் அதுக்கு மேல. இதெல்லாம் போக மிச்சம் இருக்கறதுலதான் வண்டி, டீசல், கைடு சம்பளம், கேம்ப், சாப்பாடு எல்லாம். அப்ப 1,600க்கு ஒருத்தர் தர்றாருன்னா எங்கயோ குறைச்சாகணும். நாங்க வரி வரியா படிச்சு பாத்தப்போ அந்த கொட்டேஷன்ல என்டூட்டே இல்ல, அந்த ராத்திரிகள கராட்டு டவுன்ல போட்டிருந்தாங்க, அதாவது தினமும் காலைல மணிக்கணக்கா வண்டில போய்த்தான் மிருகம் இருக்கற எடத்துக்கே சேரணும். இன்னொண்ணுல "செரெங்கெட்டி லாட்ஜ்"னு எழுதியிருந்துச்சு, மேப்ல போட்டு பாத்தா கேட்டுக்கு வெளிய. மேப்ல போட்டு பாக்கறது ரொம்ப முக்கியம், ஒவ்வொரு கேம்ப்பையும் போட்டு பாருங்க.

எங்க கம்பெனி மொதல்ல அனுப்பின பிளான்ல ஏழு நாளைக்கு ஆறு இடம், மன்யாரா ஏரி, நேட்ரான் ஏரி எல்லாம் சேத்து. பாக்க ஆசையாத்தான் இருந்துச்சு. வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் எத்தன மணி நேரம் ரோட்டுல போகுதுன்னு கூட்டி பாத்தாரு, பாதி நாள் பயணத்துலயே போயிருது. ரெண்டு இடத்த வெட்டிட்டு என்டூட்டுல ரெண்டு ராத்திரி, செரோனெராவுல ரெண்டு ராத்திரின்னு மாத்த சொன்னோம், அத ஆபீஸ்ல தயங்காம மாத்தி குடுத்தாங்க, அதுக்கு ஒரு பாராட்டு. இன்னைக்கு மறுபடி போட்டாலும் இதுக்கும் கீழதான் குறைப்பேன், தாரங்கிரேவ கூட எடுத்துட்டு என்டூட்டுல மூணு ராத்திரி போடுவேன்.

இப்ப குறை. பிளான்ல ரெண்டாவது நாள் "முழு நாள் கேம் டிரைவ்"னு, அதாவது நாள் பூரா வண்டில சுத்தி மிருகம் பாக்கறதுன்னு எழுதியிருந்தாங்க. நடந்தது என்னன்னா காலைல தாரங்கிரே கேட்ட விட்டு கிளம்பி, ம்டோ வா ம்பு ஊரு, கராட்டு, அப்புறம் மேட்டுல ஏறி பள்ளத்தோட விளிம்பு, அங்கேருந்து புழுதி ரோட்டுல குலுங்கி குலுங்கி என்டூட்டு வந்து சேரும்போது சாயங்காலம் நாலு மணி. அது பயண நாள். பயண நாளுன்னே எழுதியிருந்தா யாரும் கோவப்பட போறதில்ல, வழில ஓல்டுவாய் பள்ளத்தாக்குல நிறுத்தி நல்லாவே பாத்திருப்போம், 1959ல மேரி லீக்கிங்கற ஆராய்ச்சிக்கார அம்மா பதினேழரை லட்சம் வருஷத்து ஆதிமனுஷ இனத்து மண்டை ஓட்ட கண்டுபிடிச்ச எடம் அது, நாங்க அத இருபது நிமிஷத்துல ஓடி பாத்துட்டு வந்தோம். ரெண்டாவது குறை இன்னும் பெருசு. செரோனெராவுல நாங்க பேரு பாத்து காசு கட்டின கேம்ப் இல்லாம, போற அன்னைக்கு காலைல "அது ஃபுல், அதே தரத்துல வேற கேம்ப்"னு கைடுக்கு மெசேஜ் வருது. டென்ட் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா செரோனெரா ஆத்துல இருந்து ரொம்ப தள்ளி. போக ஒரு மணி நேரம் வர ஒரு மணி நேரம். பார்க்குக்குள்ள இருட்டினப்புறம் வண்டி ஓட்ட கூடாது, அதனால சாயங்காலம் வெளிச்சம் அழகா இறங்கற நேரத்துல, மிருகம் எழுந்து நடக்க ஆரம்பிக்கற நேரத்துல நாங்க கேம்ப்புக்கு ஓடிட்டு இருந்தோம். ஊருக்கு வந்து எழுதி கேட்டதுல மொத்தமா 200 டாலர் திருப்பி தந்தாங்க. எனக்கு அந்த ரெண்டு சாயங்காலம்தான் வேணும். புக் பண்ணும்போதே கேம்ப் பேரையும், மாத்தினா என்ன பண்ணுவாங்கங்கறதையும் எழுத்துல வாங்கிக்கோங்க.

வண்டி பத்தி ஒரு குறையும் இல்ல. நீளமாக்கின டொயோட்டா லேண்ட் க்ரூசர், மேல கூரை தூக்கி நின்னுக்கிட்டே பாக்கலாம், நாலு பேருக்கும் ஜன்னல் சீட், உள்ள குட்டி ஃப்ரிட்ஜ், சார்ஜ் போட பிளக். ரோடு குலுக்கறத அங்க "ஆப்பிரிக்கன் மசாஜ்"னு சொல்றாங்க, முதுகு வலி இருக்கறவங்க அத லேசா எடுத்துக்காதீங்க, எங்க அம்மா இடுப்பு பெல்ட் போட்டு நடு வரிசைல உக்காந்தாங்க, பின் சக்கரத்துக்கு மேல இருக்கற சீட்டுதான் ரொம்ப தூக்கி போடும். ஷேரிங்ல போனா ஆறு ஏழு பேரு இருப்பாங்க, செலவு நிறைய குறையும், ஆனா ஒரு எடத்துல ரெண்டு மணி நேரம் நிக்கணும்னா மத்தவங்க ஒத்துக்கணும். அதுக்காகவே நாங்க தனி வண்டி எடுத்தோம்.

தாரங்கிரே யானைக்கும் பாவோபாப் மரத்துக்கும் பேரு போன எடம். ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் மத்த எடத்துல தண்ணி வத்தி போறப்போ எல்லா மிருகமும் அந்த ஆத்துக்கு வந்துரும், அதுதான் அங்க சீசன். நாங்க போன மாசம் சீசன் இல்ல, இருந்தும் மூணு யானை குடும்பம் பாத்தோம், ஒரு குடும்பம் வண்டிக்கு முன்னாடியே ரோட்ட தாண்டுச்சு, பெரிய தாய் யானை நடு ரோட்டுல நின்னு எங்கள பாத்துட்டே குட்டிங்க எல்லாம் போற வரைக்கும் காவல் நின்னுச்சு. கைடு இஞ்சின அணைச்சுட்டு மூச்சு கூட சத்தமா விடாம உக்காந்திருந்தாரு. அம்மா என் கைய புடிச்சுக்கிட்டாங்க. அங்க செட்சே ஈ தொல்லை உண்டு, துணிக்கு மேலயே கடிக்கும், நீலமும் கருப்பும் அதுக்கு ரொம்ப பிடிக்கும், அதனாலதான் மரத்துல நீலம் கருப்பு துணி தொங்கவிட்டு மருந்து தடவி பொறி வச்சிருக்காங்க. தம்பி கருநீல ஜீன்ஸ் போட்டு வந்து நல்லா கடி வாங்கினான். மண் கலர், காக்கி, வெளிர் பச்சை போதும்.

அந்த கைடு, பதினாறு வருஷமா இந்த வேலை பாக்கறாரு. எங்க அம்மாவ மொத நாளே "மாமா"ன்னு கூப்பிட்டாரு, எங்களுக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல, ஸ்வாஹிலில மாமான்னா அம்மா, வயசுல பெரிய பொம்பளைங்கள மரியாதையா அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். அப்புறம் ஏழு நாளும் அம்மாவும் அவர "தம்பி"ன்னுதான் கூப்பிட்டாங்க, அவரும் திரும்பி பாத்தாரு. வண்டி ரேடியோல அவங்க ஆளுங்க பேசறது காதுல விழுந்துட்டே இருக்கும், சிம்பான்னா சிங்கம், சூயின்னா சிறுத்தை, டூமான்னா சிவிங்கி, நியூம்புன்னா வில்டபீஸ்ட், ரெண்டு நாள்ல எங்களுக்கும் பழகிருச்சு. ஆனா அவர் ரேடியோவ நம்பி ஓடற ஆள் இல்ல. வரிக்குதிரை எல்லாம் ஒரே பக்கமா காத தூக்கி பாத்துட்டு நிக்குதா, அந்த பக்கம் போவாரு. பிணந்தின்னி கழுகு வட்டம் போடுதா இல்ல நேரா கீழ இறங்குதான்னு பாப்பாரு, நேரா இறங்கினா கீழ எதையோ அடிச்சு போட்டிருக்குன்னு அர்த்தம்னு சொல்லி குடுத்தாரு.

என்டூட்டு. இத எழுதத்தான் நான் இந்த ரிவ்யூவே ஆரம்பிச்சேன். காலைல ஆறரைக்கு கேம்ப்ப விட்டு வெளிய வந்தா கண்ணுக்கு எட்டின வரைக்கும் வில்டபீஸ்ட், அடிவானத்துல கருப்பு கோடு மாதிரி தெரியறதும் அதுதான். சத்தம் ஒரு பக்கம், மூக்கடைச்ச குரல்ல ஆயிரக்கணக்குல ஒண்ண ஒண்ணு கூப்பிட்டுட்டே இருக்கு. சாணி வாசம், மழை பேஞ்ச புல்லு வாசம். உச்ச நேரத்துல ஒரு நாளைக்கு எட்டாயிரம் குட்டி வரைக்கும் பிறக்கும்னு சொல்றாங்க, மூணு வாரத்துக்குள்ள பெரும்பாலான குட்டிங்க பிறந்துரும். எல்லாம் ஒரே நேரத்துல பிறக்கறதுலயும் ஒரு காரணம் இருக்கு, சிங்கமும் கழுதைப்புலியும் எவ்ளோதான் தின்னாலும் அத்தனையையும் தின்ன முடியாது. நாங்க ஒரு பிரசவத்த முழுசா பாத்தோம். அந்த தாய் படுக்குது, எழுந்திருக்குது, மறுபடி படுக்குது, குட்டியோட முன்னங்கால் ரெண்டும் வெளிய தெரியுது, அப்பவும் எழுந்து நாலடி நடக்குது. கீழ விழுந்த குட்டி ஈரமா, வெளுத்த பழுப்பு கலர்ல, காலு எங்க வைக்கறதுன்னு தெரியாம மூணு தடவ விழுந்துச்சு. நாலாவது தடவ நின்னுருச்சு. தம்பி கைல வாட்ச் பாத்துட்டே இருந்தான், ஏழு நிமிஷம். அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துல தாய் பின்னாடியே ஓடுது. அம்மா அழுதுட்டாங்க, ரெண்டு பிள்ள பெத்தவங்க, அவங்களுக்கு அதுல என்ன தெரிஞ்சுச்சோ.

அடுத்த நாள் சிவிங்கி. தாயும் மூணு குட்டியும், கரையான் புத்து மேல தாய் ஏறி நின்னு நோட்டம் விடுது. எங்க கைடு நல்லா நூறு மீட்டருக்கு மேல தள்ளி வண்டிய நிறுத்திட்டாரு, இன்னும் பக்கத்துல போகலாமேன்னு தம்பி கேட்டதுக்கு, "அதுக்கு இன்னைக்கு சாப்பாடு இல்ல, வயித்த பாருங்க, நாம போனா மானுக்கு தெரிஞ்சிரும்"னு சொல்லிட்டாரு. என்டூட்டுல ரோட்ட விட்டு புல்வெளில வண்டி இறக்கலாம், செரெங்கெட்டி நடுப்பகுதில அது கூடாது, அதனால இங்க நிதானம் எல்லாம் கைடு கைலதான். ரெண்டு மணி நேரம் நாற்பது நிமிஷம் உக்காந்திருந்தோம். ஒண்ணுமே நடக்கல, குட்டிங்க ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து விளையாடுது, தாய் படுக்குது, எழுந்திருக்குது. நடுவுல ரெண்டு வண்டி வந்து அஞ்சு நிமிஷம் போட்டோ எடுத்துட்டு கிளம்பிருச்சு. இன்னொரு வண்டி வந்துச்சு, நேரா தாய்க்கும் தாம்சன் கசெல் மான் கூட்டத்துக்கும் நடுவுல போய் நின்னுச்சு, மான் எல்லாம் தலைய தூக்கிருச்சு, அந்த வேட்டை போச்சு. எங்க கைடு ரேடியோல அவர்கிட்ட பொறுமையா ஏதோ சொன்னாரு, அந்த வண்டி நகந்துருச்சு. எனக்கு அவ்ளோ ஆத்திரம். சிவிங்கி பகல்ல வேட்டையாடற மிருகம், சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் பயந்து வெயில்ல வேல பாக்குது, அந்த கொஞ்ச நேரத்தையும் நாம வண்டிய விட்டு கெடுத்தா அந்த மூணு குட்டிக்கும் அன்னைக்கு பட்டினி. பதினொரு மணி வாக்குல அது மறுபடி இறங்குச்சு, தலைய தாழ்த்தி, ஒவ்வொரு அடியா. அப்புறம் ஓடினது மொத்தமா எட்டு பத்து செகண்ட் இருக்கும், நான் கேமராவ தூக்கவே இல்ல. புழுதி அடங்கினப்போ மான் குட்டி கழுத்த கவ்விட்டு நிக்குது, வாய் திறந்து மூச்சு வாங்குது, உடனே சாப்பிட கூட முடியல, சுத்தி சுத்தி பாக்குது யாராச்சும் புடுங்க வர்றாங்களான்னு. குட்டிங்கள கூப்பிடற சத்தம் பறவை கத்தற மாதிரி இருந்துச்சு. வேற வண்டி ஒண்ணும் இல்ல அங்க.

செரெங்கெட்டி பெர்மிட் 24 மணி நேர கணக்கு, நாபி ஹில் கேட்ல உள்ள போற நிமிஷத்துல இருந்து ஓட ஆரம்பிக்கும். காலைல பத்து மணிக்கே அங்க போய் சேந்தா கடைசி நாள் காலைல பத்துக்குள்ள வெளிய வந்துரணும், அந்த காலை டிரைவ் வீணா போயிரும். எங்க கைடு வேணும்னே லேட் பண்ணி, கேட் பக்கத்துலயே மத்தியான சாப்பாட்ட முடிச்சிட்டு ஒரு மணிக்கு மேலதான் பதிவு போட்டாரு. ஆபீஸ் பிளான்ல இதெல்லாம் இல்ல, அவரோட மூளை. செரோனெராவுல பாறைக்குன்று மேல சிங்கக் கூட்டம் பாத்தோம், பதினோரு சிங்கம், அதுல பத்து தூங்குது. சிறுத்தை ஒண்ணு சாசேஜ் மரத்துல, ஆனா கீழ இருபத்தி மூணு வண்டி, டீசல் புகை, சத்தம், நாங்க பத்து நிமிஷத்துல கிளம்பிட்டோம். கிளம்பினது சரின்னுதான் இன்னைக்கும் தோணுது. பலூன்ல பறந்து மேல இருந்து பாக்கறதுக்கு தலைக்கு 600 டாலர்கிட்ட வருது, நாங்க போகல.

கேம்ப்ல வேலி கிடையாது. இருட்டினப்புறம் டென்ட்ல இருந்து சாப்பிடற எடத்துக்கு போக கூட டார்ச்ச ஆட்டினா காவலாளி வந்து கூட்டிட்டு போவாரு. ராத்திரி கழுதைப்புலி கூப்பிடற சத்தம், கீழ ஆரம்பிச்சு மேல ஏறி முடியும், மொத ராத்திரி தூக்கம் வரல, மூணாவது ராத்திரி அது இல்லாம தூக்கம் வரல. குளிக்க தண்ணி காய வச்சு கொண்டுவந்து டென்ட்டுக்கு பின்னாடி பக்கெட்ல ஊத்தி மேல தூக்கி கட்டுவாங்க, ரெடின்னு சொன்னதும் தொறந்து விட்டுக்கணும். அம்மா சைவம், முன்னாடியே சொல்லிட்டோம். சாம்பார் ரசம் எதிர்பாக்கல, ஆனா அங்க சப்பாத்திக்கு பேரே சப்பாத்திதான், மஹராகேன்னு தேங்காப்பால் ஊத்தின பீன்ஸ், ம்சிச்சான்னு கீரை, அம்மாக்கு ஒரு வேளை கூட பிரச்சனை வரல. மத்தியானம் குடுக்கற பொட்டலம்தான் தினமும் ஒரே மாதிரி சலிச்சு போச்சு.

பள்ளத்துக்கு விடியறதுக்கு முன்னாடியே கிளம்பினோம். விளிம்பு 2,200 மீட்டருக்கு மேல, ராத்திரி நல்ல குளிரு, ரெண்டு ஸ்வெட்டர் வேணும். எரிமலை வெடிச்சு உள்ள சரிஞ்சு உண்டான பள்ளம், 600 மீட்டர் ஆழம், கீழ 260 சதுர கிலோமீட்டர் தரை, ஒரே பார்வைல முழுசா தெரியும். உள்ள ஒட்டகச்சிவிங்கி மட்டும் கிடையாது, செங்குத்தா இருக்கற சுவர்ல அது இறங்கறது கஷ்டம், அதுக்கு வேணுங்கற மரமும் கம்மி. கருப்பு காண்டாமிருகம் ரெண்டு பாத்தோம். பாத்தோம்னா பைனாகுலர்ல, தூரத்துல ரெண்டு சாம்பல் புள்ளி, ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னது, தாயும் குட்டியும்னு கைடு சொன்னாரு. போட்டோல ஒண்ணும் வரல. இருந்தாலும் அது சாதாரண விஷயம் இல்ல, 1970 வாக்குல ஆப்பிரிக்கா பூரா 65,000 இருந்த கருப்பு காண்டாமிருகம் கொம்புக்காக கொன்னு கொன்னு 1990கள்ல 2,500க்கும் கீழ போயி, இப்பத்தான் ஆறாயிரத்த தாண்டியிருக்கு. பைனாகுலர் ஆளுக்கு ஒண்ணு கொண்டு போங்க, 8 மடங்கு போதும், ஒண்ண நாலு பேர் மாத்தி மாத்தி பாத்தா மிருகம் போயிரும். நீர்யானை குளம் பக்கம் இங்கோய்டோக்கிடோக்ல சாப்பிடறவங்க வண்டிக்குள்ளயே சாப்பிடுங்க, கரும்பருந்து கைல இருக்கறத பறிச்சிட்டு போயிரும், நகம் கீறினா ரத்தம் வரும்.

வழில மசாய் கிராமம் ஒண்ணுக்கு கூட்டிட்டு போனாங்க, பிளான்லயே இருந்துச்சு. வண்டிக்கு 50 டாலர், பாட்டு, ஒரு வீட்டுக்குள்ள கூட்டிட்டு போய் காட்டினாங்க, அப்புறம் மணி மாலை கடை. எங்க எல்லாருக்கும் மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. அந்த மண்ணுல மாடு மேய்ச்சு வாழற ஜனங்கள 2022ல இருந்து அரசாங்கம் தூரத்துல ம்சொமேராங்கற எடத்துக்கு நகத்திட்டு இருக்கு, அத பத்தி அங்க பெரிய சண்டையே நடக்குது, நாங்க வந்து போட்டோ எடுத்துட்டு போறோம். அடுத்த தடவ அத பிளான்ல இருந்து எடுக்க சொல்லிருவேன்.

போறதுக்கு முன்னாடி கவனிக்க வேண்டியது கொஞ்சம். மலேரியா மாத்திரை டாக்டர்கிட்ட கேட்டு எடுத்துக்கோங்க, நாங்க எடுத்தது போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிச்சு வந்தப்புறம் ஏழு நாள் வரைக்கும் போடற வகை. நைரோபி வழியா கென்யாக்குள்ள போய் வர்றதா இருந்தா மஞ்சள் காய்ச்சல் ஊசி சர்டிபிகேட் கேப்பாங்க, அது போட்டு பத்து நாள் கழிச்சுத்தான் செல்லும், கடைசி வாரத்துல போய் நிக்காதீங்க. பிளாஸ்டிக் பை 2019 ஜூன்ல இருந்து தடை, பெட்டிக்குள்ள கூட வேணாம். உருட்டற பெரிய சூட்கேஸ் வேணாம், துணிப்பை போதும், வண்டி பின்னாடி எடம் ரொம்ப கம்மி. டாலர் நோட்டு புதுசா இருக்கட்டும், பழைய வருஷ நோட்ட வாங்க மாட்டேங்கறாங்க. கைடுக்கு நாலு பேரும் சேத்து ஒரு நாளைக்கு 30 டாலர்னு கடைசி நாள் கவர்ல போட்டு குடுத்தோம், அது எங்களுக்கு குறைவாத்தான் பட்டுச்சு.

புக் பண்ற ஆபீசுக்கு மொத மெயில்லயே நாலு விஷயம் கேளுங்க: கைடு யாரு, எத்தன வருஷமா ஓட்டறாரு, எங்களுக்கு அவரேன்னு எழுதி தர்றீங்களா, கேம்ப் மேப்ல எங்க இருக்கு, எந்தெந்த நாள் பயண நாள், ஒரு நாளைக்கு இத்தன கிலோமீட்டர்தான்னு டீசலுக்கு எல்லை போட்டிருக்கீங்களா. கடைசி கேள்விக்கு பதில் சொல்ல தயங்கற எடத்துல புக் பண்ணாதீங்க.

அம்மா இப்ப ஆறு தாண்டறத பாக்கணும்னு சொல்லிட்டாங்க. கோகடெண்டேல நாலு ராத்திரி, வேற எந்த ஊரும் வேணாம், ஆகஸ்ட் மாசம். கைடுக்கு நேரா மெசேஜ் போட்டேன், 10ஆம் தேதிக்கு மேல வர முடியும்னு பதில் வந்துருச்சு, கூடவே "மாமா இடுப்பு எப்படி இருக்கு"ன்னும் கேட்டிருக்காரு.